தூக்கத்தில் இரண்டு கையும் மரத்துப்போகிறது, புளி சீசனில் இன்னும் அதிகம். என்ன செய்யலாம்?

பாப்பிரெட்டிப்பட்டி வாசி:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 52. தை பிறந்ததிலிருந்து புளி வேலைக்குப் போகிறார். புளியைக் கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை, தினமும் ஏழெட்டு மணி நேரம். ஒரு மாதமாக ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு இரண்டு கையும் மதமதவென்று ஆகி முழித்துக்கொள்கிறார். வலது கைதான் ஜாஸ்தி. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் ஐந்து நிமிஷத்தில் தெளிகிறது. காலையில் களி கிளறும்போது துடுப்பு பிடியிலிருந்து நழுவுகிறது. படுப்பது தரையில் பாய், ஒரு தலையணை. சர்க்கரை இருக்கிறதா என்று இதுவரை பார்த்ததில்லை.

மெடிக்கலில் நரம்பு மாத்திரை கொடுத்தார்கள். இருபது நாளாகப் போடுகிறார், ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டில் வாதம் வரப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள், அந்தப் பயத்திலேயே தூக்கம் போகிறது.

இது ரத்த ஓட்டக் குறைவா, நரம்பா? படுக்கை, தலையணை மாற்றினால் போதுமா? தர்மபுரிக்கு அழைத்துப்போனால் யாரைப் பார்ப்பது?

காவேரிப்பட்டணம் பிசியோ:

முதலில் அம்மாவின் பயத்தைப் போக்குங்கள். பக்கவாதம் திடீரென்று வரும், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், கையை உதறினால் போகாது. இரண்டு கையும் ராத்திரியில் மரத்து, உதறியதும் தெளிகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதற்கான அடையாளம். உள்ளங்கை தொடங்குகிற இடத்தில், எலும்புக்கும் ஒரு கெட்டியான தசைநார்ப் பட்டைக்கும் நடுவே குறுகலான ஒரு வழி இருக்கிறது. விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. நாள் முழுக்கத் தட்டுகிற, அழுத்திப் பிடிக்கிற வேலை செய்தால் தசைநாண் உறைகள் வீங்கும். வழி பெரிதாகாது. எனவே நசுங்குவது நரம்பு.

ராத்திரியில் ஏன் அதிகம் என்றால், தூக்கத்தில் நம்மில் பலர் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கிக்கொள்கிறோம். மடக்கினால் அந்த வழிக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறும். பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் மேலே வரும், கை அசையாமல் கிடப்பதால் வீக்கம் வடியாது. ரத்த ஓட்டமா என்று கேட்டீர்கள். கைக்குப் போகும் ரத்தம் நிற்பதில்லை. அழுத்தத்தில் அந்த நரம்புக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் மட்டும் நசுங்குகின்றன. அதனால்தான் விரல் வெளுக்காமலே மரக்கிறது.

எந்த விரல் என்று நீங்கள் சொல்லவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒரு நோட்டில் அம்மாவின் இரண்டு கையையும் வைத்துப் பேனாவால் வெளிக்கோடு வரைந்து தலைமாட்டில் வையுங்கள். முழிப்பு வந்த அந்த நிமிஷமே, உதறுவதற்கு முன்னால், மரத்த இடத்தை மட்டும் கிறுக்கச் சொல்லுங்கள். காலையில் கேட்டால் "முழுக் கையும்" என்றுதான் பதில் வரும். ஒரு வாரப் படத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி: இது மணிக்கட்டு நரம்பு. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் மரத்தால் முழங்கை நரம்பு. கழுத்திலிருந்து தோள் வழியாக வலி இறங்கி, கழுத்தைத் திருப்பினால் கூடினால் கழுத்து.

மோதிர விரலை வைத்து இன்னொன்று செய்யலாம். பஞ்சை நுனி திரித்து அதன் இரண்டு ஓரத்திலும் மாறி மாறி லேசாகத் தொடுங்கள், அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஒரு ஓரம் நன்றாகத் தெரிந்து மறு ஓரம் மந்தமாகத் தெரிந்தால், கோளாறு கழுத்தில் இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே விரலை நடுவில் பங்கு போட்டுக்கொள்வது கைக்குள் போகும் இரண்டு நரம்புகள்தான்.

அடுத்தது மடக்கிப் பார்ப்பது. இரண்டு புறங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்க, 60 விநாடி. அதற்குள் அதே விரல்களில் எறும்பு ஊர்ந்தால் மணிக்கட்டுதான் என்பது வலுப்படுகிறது. ஊராவிட்டால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டை. ஆர்த்தோ சாமான் விற்கும் கடையில் ரிஸ்ட் ஸ்பிளின்ட் என்று கேளுங்கள். உள்ளே உலோகத் தகடு இருக்க வேண்டும். வெறும் எலாஸ்டிக் உறை உதவாது, இறுக்கிப் பிடித்து இன்னும் கெடுக்கும். தினமும் ராத்திரி, விடாமல் 6 வாரம். நாலு நாள் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று கழற்றி எறிவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டு கையிலும் இறுக்கமான வளையல், மோதிரம் இருந்தால் பட்டை போடும்முன்பே கழற்றிவிடுங்கள்.

அரூர் கயிற்றுக்கட்டில்:

படுக்கை பற்றி நான் சொல்கிறேன். பட்டை கட்டினாலும் படுக்கிற விதம் தப்பாக இருந்தால் பாதிப் பலன்தான்.

கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துப் படுக்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்தணும். தலையின் கனம் மணிக்கட்டு மேலேயே இறங்கும், முழங்கையும் முழுசாக மடங்கியிருக்கும், ரெண்டு நரம்புக்கும் ஒரே நேரத்தில் அடி. பெரும்பாலும் தலையணை உயரம் போதாததால்தான் கை தானாக அங்கே போகுது. ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு உயரம் கண்டுபிடிக்க: சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று தோளைச் சுவரில் வையுங்க, தலை நேராக இருக்கட்டும். தலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் தலையணையின் உயரம், அதுவும் தலை வைத்து அமுங்கின பிறகு உள்ள உயரம். பாய் அமுங்காது என்பதால் அந்த அளவு அப்படியே பொருந்தும். இலவம்பஞ்சுத் தலையணை பழசானால் நடுவில் குழி விழுந்து பாதியாகிவிடும். பழைய சேலையை மடித்து அடியில் வைத்துச் சரி பண்ணிக்கலாம், புதுசு வாங்கவே வேண்டாம்.

மல்லாந்து படுத்தால் மெல்லிய தலையணை போதும். ரெண்டு கைக்கும் அடியில் ஒரு மடித்த போர்வை வைத்து, கை உடம்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிற மாதிரி வையுங்க. நெஞ்சு மேல் கை கட்டித் தூங்க வேண்டாம்.

கயிற்றுக் கட்டில் இருக்கிற வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. கையைச் சட்டத்துக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்கினால் மேல்கையின் உள்பக்கம் மரச்சட்டத்தில் அழுந்தும். அங்கே போகிறது வேற நரம்பு. குடித்துவிட்டோ, அலுப்பிலோ புரளாமல் தூங்கினால், காலையில் மணிக்கட்டையே மேலே தூக்க முடியாமல் கை தொங்கிப் போயிடும். உதறினால் சரியாகாது, தெளிய வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். மணிக்கட்டு விழுந்துவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

பாப்பிரெட்டிப்பட்டி வாசி:

ரொம்ப நன்றிங்க. படம் வரைந்து பார்த்தோம். வலது கையில் கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை ஏழு நாளும் கிறுக்கியிருக்கிறார். மோதிர விரலில் பாதிதான். இடது கையில் மூன்று நாள் சுண்டுவிரலும் சேர்ந்திருக்கிறது. 60 விநாடி சோதனையில் வலது கையில் 20 விநாடியிலேயே வந்துவிட்டது.

பட்டை வாங்கிவிட்டோம். போட்டால் கை மேல்பக்கமாக வளைந்து நிற்கிறது, காலையில் விரல் உப்பியிருக்கிறது, மரப்பும் குறையவில்லை. கடையில் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

காவேரிப்பட்டணம் பிசியோ:

கடையில் விற்பது எலும்பு முறிவு, சுளுக்குக்காகச் செய்தது. தகடு 20, 30 டிகிரி மேல்நோக்கி வளைந்தே வரும். உங்கள் அம்மாவுக்கு அந்த வளைவு கூடாது, மேலே வளைந்தாலும் அழுத்தம் ஏறும். உள்ளங்கைப் பக்கத்துப் பையிலிருந்து தகட்டை உருவுங்கள். மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினால் அலுமினியத் தகடு நிமிர்ந்துவிடும். திரும்பச் செருகியதும் முழங்கையிலிருந்து நடுவிரல் வரை ஒரு மர ஸ்கேல் வைத்தால் புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் தொட வேண்டும். அதுதான் சரியான நிலை.

விரல் உப்புவதற்குக் காரணம் இறுக்கம். வெல்க்ரோவை ஒட்டியபின் பட்டைக்கு அடியில் அம்மாவின் சுண்டுவிரல் சுலபமாக நுழைய வேண்டும். பட்டை உள்ளங்கையின் மேல் ரேகைக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும், விரல்கள் முழுதாக மடங்கணும். ரேகையைத் தாண்டினால் அளவு பெரிது, மாற்றி வாங்குங்கள். வெயில் காலத்தில் வியர்த்து அரிக்கும், உள்ளே மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிவிட்டு மேலே போடலாம்.

வாங்க முடியாதவர்கள் கெட்டி அட்டையை 20 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் மூன்று அடுக்காக ஒட்டி, பஞ்சு சுற்றி, உள்ளங்கைப் பக்கம் வைத்து 8 செ.மீ. கிரேப் பேண்டேஜால் தளரச் சுற்றலாம். ஆறு வாரம் வராது, ஈரம் பட்டால் தொய்யும், ஆனால் பட்டையால் பலன் உண்டா என்று பத்து நாளில் தெரிந்துகொள்ளலாம்.

இடது கைச் சுண்டுவிரலுக்கு முழங்கையைப் பார்க்க வேண்டும். முழங்கையின் உள்பக்கம், இடித்தால் ஷாக் அடிக்கிற அந்த எலும்புக் குழிக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. முழங்கையை மடக்க மடக்க அது இழுபட்டு மெலியும். ஒரு குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து, முழங்கையைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று, கனமான பகுதி முன்பக்கம் மடிப்பில் வரும்படி சுற்றி, துணி நாடாவால் தளரக் கட்டுங்கள். கொஞ்சம் மடங்கும், முழுதாக மடங்காது. அவ்வளவு போதும். கட்டையாக நீட்டி வைக்கத் தேவையில்லை, அப்படி வைத்தால் தூக்கமே வராது. ஒசூருக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகளும் இதைக் கவனிக்கணும். கம்பெனி பஸ்ஸில் கையைக் கட்டிக்கொண்டு, முழங்கையை ஜன்னல் கம்பியில் முட்டுக்கொடுத்து ஒன்றரை மணி நேரம் தூங்கினால் இதே நரம்புதான் அடிபடும்.

மத்தூர் மாமரம்:

எதுக்கு இவ்வளவு? நல்லெண்ணெயைச் சூடு பண்ணி ராத்திரி அழுத்தித் தேய்ச்சுவிடுங்க, ஒரு நரம்பு ஊசி போட்டா சரியாயிடும்.

லேப் டெக்னீஷியன், தர்மபுரி:

அண்ணா, எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை, முன்கையில் இதமாகத் தேய்க்கலாம். மணிக்கட்டின் மேலேயே கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பதுதான் கூடாது, ஏற்கெனவே நசுங்குகிற இடம் அது. நரம்பு ஊசி என்று போடுவது பெரும்பாலும் பி12. உடம்பில் பி12 குறைவாக இருந்தால் அது அருமையான மருந்து. குறைவில்லாதவருக்குப் போட்டால் மணிக்கட்டில் நரம்பை நெரிக்கிற தசைநார்ப் பட்டை தளராது. மாத்திரையையும் பாருங்கள், அட்டையின் பின்னால் பி6 எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். 100 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டால் அந்த பி6-ஏ நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் விஷயம் வேறு, அவர்களுக்கு பி6 டாக்டர் சொல்லித்தான் தருவார்கள், நிறுத்தக்கூடாது.

இரண்டு கையிலும் வந்தால் வேலையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு விட முடியாது. ரத்தத்தில் மூன்று விஷயம் பார்க்கணும்: சர்க்கரை, தைராய்டு, பி12. சர்க்கரையை மூன்று மாதச் சராசரியோடு சேர்த்துப் பாருங்கள். தைராய்டு குறைந்தால் திசுக்களில் நீர் கோர்த்து மணிக்கட்டு வழி அடைபடும், மாத்திரை ஆரம்பித்ததும் கை தானாகவே தேறுகிறவர்கள் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 இறங்கும். ஒரு முக்கியமான விஷயம், பி12 பார்க்க ரத்தம் கொடுத்த பிறகுதான் ஊசி. ஊசி போட்டுவிட்டு வந்தால் அளவு ஏறித் தெரியும், உண்மை நிலை தெரியாது. அம்மா போடும் மாத்திரையிலும் பி12 இருக்கலாம், அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் இதே மாதிரி வரும். பட்டை போதும், பிரசவம் ஆனதும் பெரும்பாலும் போய்விடும். காலையில் விரல் மூட்டெல்லாம் ஒரு மணி நேரம் விறைத்து வீங்கியிருந்தால் மூட்டுவாதத்துக்கும் ரத்தம் பார்க்கச் சொல்வார்கள்.

சர்க்கரை பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 6 வாரம் பட்டை போட்டும் குறையவில்லை என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலை ஓ.பி.க்குப் போங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு அங்கேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டலாம், பொது மருத்துவத்தில் காட்டினாலும் சரியான இடத்துக்கு அனுப்புவார்கள். நோட்டுப் படத்தை மறக்காமல் எடுத்துப்போங்கள். நரம்பில் சின்ன மின்சாரம் விட்டு வேகம் அளக்கும் சோதனை எழுதுவார்கள். சுருக் சுருக்கென்று இருக்கும், ஆபத்தில்லை. கையில் எண்ணெய், கிரீம் தடவாமல் போகணும், மின்முனை ஒட்டாது.

காவேரிப்பட்டணம் பிசியோ:

அதோடு ஒன்று. துடுப்பு நழுவுகிறது என்று எழுதியிருந்தீர்கள், அதை லேசாக விட வேண்டாம். அம்மா உள்ளங்கையை வானம் பார்த்து மேஜையில் வைத்து, கட்டைவிரலை மட்டும் நேராக மேலே தூக்கட்டும். நீங்கள் ஒரு விரலால் அதைக் கீழே அழுத்துங்கள், அவர் எதிர்க்கட்டும். இரண்டு கையையும் ஒப்பிடுங்கள். கட்டைவிரல் அடியில் உள்ள சதைமேடு ஒரு கையில் தட்டையாகிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பலம் குறைந்தோ, மேடு வற்றியோ இருந்தால் 6 வாரம் காத்திருக்கக் கூடாது. மரப்பு மீளும், வற்றிய சதை திரும்ப வருவது கஷ்டம். பகலிலும் மரப்பு விடவே இல்லை என்றாலும் அப்படியே.

டாக்டர் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றால் பயப்படத் தேவையில்லை, வாரங்கள் முதல் சில மாதம் வரை நிம்மதி தரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், அளந்துகொள்ளணும். ஆபரேஷன் என்றால் மணிக்கட்டில் உள்ள அந்தத் தசைநார்ப் பட்டையை நறுக்கி வழியைத் திறப்பது, கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்கள். ராத்திரி மரப்பு பலருக்குச் சில நாளிலேயே போய்விடும். பிடி பலம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால், செய்வதாக இருந்தால் புளி சீசன் முடிந்து செய்வது நல்லது.

பென்னாகரம் தண்ணீர்:

எல்லாரும் மணிக்கட்டையே பேசுகிறீர்கள். நம்ம மாவட்டத்தில் கழுத்தையும் தண்ணீரையும் கேட்காமல் விடக்கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறு பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான், 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் இருபது முப்பது வருஷம் போர் தண்ணீர் குடித்தவர்களில் சிலருக்கு எலும்பிலும் தசைநாரிலும் சுண்ணாம்பு படிந்து, கழுத்துக்குள் தண்டுவடம் போகிற வழி சுருங்கும். அப்போதும் இரண்டு கையும்தான் மரக்கும். மணிக்கட்டு என்று நினைத்து வருஷத்தை ஓட்டிவிடுவார்கள்.

வித்தியாசம் எங்கே தெரியும்? கழுத்து பலகை மாதிரி திரும்பாது. குனிந்து தரையைத் தொட முடியாது. ஜாக்கெட் கொக்கி மாட்டவும், பூ கட்டவும் விரல் தடுமாறும். நடையில் கால் விறைப்பாக, இருட்டில் தள்ளாடும். தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் ஓடின மாதிரி இருக்கும். சிறுநீர் அவசரமாக வரும் அல்லது சரியாக வராது. சின்ன வயசிலிருந்தே அந்தத் தண்ணீர் என்றால் பல்லில் பழுப்புக் கோடும் இருக்கும். இதில் காலும் நடையும் சேர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் மணிக்கட்டை அறுக்க விடாதீர்கள். அந்தக் கழுத்தைச் சுளுக்கு எடுக்கிறேன் என்று யார் கையிலும் கொடுக்காதீர்கள். சலூனில் நெட்டி முறிப்பதும் அதில் சேர்த்தி. சுருங்கின வழியில் ஒரு திருப்பு போதும், கை கால் விழுந்துவிடும்.

குடிதண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகி அளவு கூடும். களி, சோறு, டீ எல்லாத்துக்கும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும் நல்ல தண்ணீர், சமைக்க போர் தண்ணீர் என்று பல வீட்டில் செய்கிறார்கள், அதில் பலன் பாதி போய்விடுகிறது.

பாப்பிரெட்டிப்பட்டி வாசி:

தகட்டை நிமிர்த்திப் போட்டு ஐந்து ராத்திரி ஆச்சு. நேற்று ஒரே ஒரு தடவைதான் முழித்தார். கழுத்து நன்றாகத் திரும்புகிறது, நடையும் சரி. கட்டைவிரல் வலது பக்கம் கொஞ்சம் பலம் குறைவாகத்தான் தெரிகிறது, திங்கட்கிழமை தர்மபுரி போகிறோம். சீசன் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேலையை நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார். என்ன மாற்றலாம்?

லேப் டெக்னீஷியன், தர்மபுரி:

நல்லது. டாக்டரிடம் போனதும் தோலில் வெளிறிய தேமல் மாதிரி, தொட்டால் உணர்ச்சியில்லாத திட்டு எங்காவது இருக்கிறதா என்றும் காட்டிவிடுங்கள். இடது சுண்டுவிரலும் இருப்பதால் சொல்கிறேன். தொழுநோயில் முழங்கை நரம்பு தடிக்கும். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சீக்கிரம் பிடித்தால் முழுதாகக் குணமாகும். எல்லார் காதுக்கும் இன்னொன்று: ஒரு பக்கக் கை திடீரென்று விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் உதறிப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108. நாலரை மணி நேரத்துக்குள் போனால்தான் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும்.

அரூர் கயிற்றுக்கட்டில்:

வேலையை நிறுத்த வேண்டாம், கைப்பிடியை மாற்றுங்க. தட்டுகிற இரும்பு மெலிசாக இருந்தால் விரல் இறுக்கிப் பிடிக்கும், அந்த இறுக்கம்தான் வினை. பழைய சைக்கிள் டியூபை அரை அங்குல அகலத்தில் கீறி, கைப்பிடியில் நெருக்கமாகச் சுற்றுங்க. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றிப் பிடித்தால் நுனிகள் லேசாகத் தொடுகிற பருமன் வரட்டும். ரப்பர் அதிர்வையும் வாங்கிக்கும். கல் தாழ்வாக இருந்தால் மணிக்கட்டு வளைந்துதான் அடிக்கும், கல்லுக்கு அடியில் ஒரு செங்கல் வைத்து உயர்த்தி, முன்கையும் கையும் நேராக இறங்குகிற மாதிரி உட்காரணும். அரை மணிக்கு ஒரு தடவை தட்டுவதை விட்டு நார் எடுக்கிற வேலைக்கு மாறிக்கச் சொல்லுங்க, பக்கத்தில் இருக்கிறவங்களோடு முறை வைத்துச் செய்தால் கூலியும் குறையாது. களிக்கு ரெண்டு கையால் துடுப்பைப் பிடிக்கட்டும், பானையை யாராவது அசையாமல் பிடிச்சுக்கிட்டால் வலது மணிக்கட்டு இந்த ஒரு மாசம் தப்பிக்கும்.